பழைய மின் காருக்குப் புது முகம்



பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குப் பிரியும் பாதையோரத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். மீன் லொறி போகும். மரக்கறி ஏற்றிய பட்டா வண்டி போகும். நுரைச்சோலைக்கு வேலையாட்களை ஏற்றிய வேன் போகும். வீதியின் நடுவே கழுதைக் கூட்டமொன்று யாரையும் சட்டை செய்யாமல் நிற்கும். இவற்றுக்கிடையே சத்தம் சந்தடியின்றி ஒரு சிறிய கார் வழுக்கிக்கொண்டு வரும். அதன் மூக்கில் ஒரு சிறு மூடி இருக்கும். அந்த மூடிக்குள்தான் கரண்ட் ஏற்றும் வாய் இருக்கிறது. அதுதான் நிஸான் லீஃப். நம்மில் பலர் முதன்முதலாகக் கண்ட மின் கார் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில லீஃப்களின் முகம் அவற்றின் உடம்போடு ஒட்டாமல் இருப்பதைக் காண்பீர்கள். கதவில் பழைய கீறல், முன்னால் பளபளக்கும் புதிய பம்பர். பின்விளக்கு மங்கிப்போயிருக்கும், முன்விளக்கு கண்ணாடிபோல மின்னும். நம்பர் பிளேட்டின் எழுத்து ஒரு வயதைச் சொல்லும், முகம் வேறொரு வயதைச் சொல்லும்!

‘ஃபேஸ்லிஃப்ட்’ என்று கராஜ்காரர்கள் சொல்லும் இந்த வேலையைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேசப்போகிறேன். அரபுக் கல்லூரியில் ஓதிக்கொடுக்கும் ஒருவனுக்குக் காரின் பம்பரைப் பற்றி என்ன கவலை என்று சிலர் நினைக்கலாம். பொறுமையோடு வாசித்து வாருங்கள். விசயம் பம்பரில் தொடங்கி, ஒரு குடும்பம் நகையை விற்றுச் சேர்த்த பணத்தில் போய் முடிகிறது.

முதலில் இந்தக் கார்கள் நம்மிடம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிஸான் நிறுவனம் 2010 டிசம்பரில் லீஃபை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு விட்டது. பெருந்தொகையாக உற்பத்தியாகி, சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டிய முதல் மின் கார்களில் அது ஒன்று. 2012 நவம்பரில் ஜப்பானில் அதன் திருத்திய வடிவம் வந்தது. 2017 அக்டோபரில் முகமும் உடம்பும் மாறிய இரண்டாம் தலைமுறை வந்தது. நமது நாட்டில் 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் மின் கார்களுக்கு வரி குறைவாக இருந்தது. ஜப்பானில் ஓரிரு ஆண்டுகள் ஓடிய லீஃப்கள் அப்போது கப்பல் கப்பலாக வந்து இறங்கின. பிறகு வரி ஏறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஐந்து வருடங்கள்!

புதியது வராத நாட்டில் பழையதுதானே ராஜா? வாங்கியவர்கள் விற்க மனமின்றி வைத்திருந்தார்கள். விற்றவர்கள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள். கண்ணுக்கு அலுத்துப்போன முகத்தையாவது மாற்றிக்கொள்வோம் என்று பலருக்கும் ஆசை வந்தது. லீஃபுக்கு மட்டுமா? அக்வாவுக்கும் பிரியஸுக்கும் இதே கதைதான். இப்போது சீனத்து பீ.வை.டி. கார்கள் புத்தம்புது முகத்தோடு வீதியில் இறங்கியிருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் பழைய லீஃப் நிற்கும்போது அதன் சொந்தக்காரருக்கு மனம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும்.

இந்த ஆசை நம்மவருக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 2012 ஜூனில் தனது ‘மொடல் எஸ்’ காரை வெளியிட்டது. அதன் முன்பக்கத்தில் பளபளப்பான கறுப்பு மூக்கொன்று இருந்தது. எஞ்சின் உள்ள கார்களில் காற்று உள்ளே போக ஷெல், அதாவது கிரில் வேண்டும். மின் காருக்கு அவ்வளவு பெரிய வாய் தேவையில்லை. ஆனால் வாயில்லாத காரைப் பார்த்து வாங்குபவர்கள் மிரண்டுவிடுவார்களோ என்று, வாய் போன்ற ஒரு தோற்றத்தை மட்டும் வைத்தார்கள். 2016 ஏப்ரலில், அதாவது நான்கே வருடத்தில், அந்தக் கறுப்பு மூக்கைத் தாங்களே நீக்கிவிட்டு மூடிய முகத்தைக் கொண்டுவந்தார்கள். உடனே என்ன நடந்தது? முதல் நாள்வரை தமது காரைப் பெருமையோடு பார்த்தவர்களுக்கு மறுநாள் அது பழசாகத் தெரிந்தது! பழைய மொடல் எஸ் காருக்குப் புதிய தோற்றமுள்ள முன்பக்கத்தைச் செய்து விற்க, கலிபோர்னியாவில் ‘அன்ப்ளக்ட் பெர்ஃபோமன்ஸ்’ போன்ற நிறுவனங்கள் முன்வந்தன. கோடீஸ்வரர்களின் நாட்டிலும் இதே கதைதான்.

முகத்தை மாற்றுவது அப்படியொன்றும் பெரிய குற்றமன்று. அழகாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் மனித இயல்பு. உடைந்த பம்பருக்குப் பதில் நல்ல பம்பர் போடுவதும், மஞ்சள் பூத்துப்போன விளக்கை மாற்றுவதும் நல்ல காரியங்களே. ஆனால் மின் காரின் முன்பக்கத்தைக் கழற்றுவதற்கும் ஒரு பழைய சன்னியின் முன்பக்கத்தைக் கழற்றுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

லீஃபின் முன்விளக்குகளைப் பாருங்கள். தவளைக் கண்போல மேலெழுந்து நிற்கும். பலர் அதை அவலட்சணம் என்கிறார்கள். உண்மையில் அது காரணத்தோடு செய்யப்பட்டது. எஞ்சின் இரைச்சல் இல்லாத காரில் காற்றின் இரைச்சல் பெரிதாகக் கேட்கும். கதவுக் கண்ணாடிகளில் காற்று மோதித்தான் அந்த இரைச்சல் கூடுதலாகப் பிறக்கிறது. எனவே, வரும் காற்றை விளக்கிலேயே பிளந்து கண்ணாடிக்கு அப்பால் விலக்கிவிடும்படி அந்த வடிவத்தை அமைத்தார்கள். அதை மாற்றிவிட்டு, “முந்தி இல்லாத சத்தம் இப்ப எங்கிருந்து வருது?” என்று கேட்டால் யார் என்ன செய்வது!

விளக்கில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நாம் வீதியின் இடப்பக்கத்தால் ஓட்டுகிறோம். ஜப்பானியரும் அப்படியே. எனவே ஜப்பானிய விளக்கின் டிம் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் படாமல் இடப்புறம் சாய்ந்து விழும். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கும் செய்யப்பட்ட விளக்கு வலப்புறம் சாயும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த விளக்கை வாங்கிப் பூட்டினால், டிம்மில் போட்டாலும் அது எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும். விளக்குக் கம்பம் அரிதான நமது கரையோரப் பாதைகளில், மஃரிபுக்குப் பின் சைக்கிளில் வீடு திரும்பும் மனிதரை நினைத்துப் பாருங்கள். விளக்கு எந்த நாட்டுக்குரியது என்று கேட்காமல் வாங்கவே கூடாது.

இனி உள்ளே வருவோம். வெளியே தெரிகிற பம்பர் வெறும் பிளாஸ்டிக் தோல். அதற்குப் பின்னால் குறுக்காக ஓர் இரும்புச் சட்டம் இருக்கிறது. மோதும்போது அடியைத் தாங்குவது அதுவே. வேறு மொடலின் முகத்தைப் பொருத்தும்போது இந்தச் சட்டம் இடிக்கும். பொறுமையில்லாத பாஸ்மார் அதை வெட்டிவிடுகிறார்கள்! வெளியே ஒன்றும் தெரியாது. அருகிலேயே மோதலை உணர்ந்து காற்றுப் பையை விரியச் செய்யும் உணரி ஒன்றும் உண்டு. அதைக் கழற்றி, சரியான இடத்தில் சரியான இறுக்கத்தில் பூட்டாவிட்டால் அது வேண்டிய நேரத்தில் வேலை செய்யும் என்று எப்படி நம்புவது? டெஸ்லாவில் 2014 ஒக்டோபருக்குப் பிந்திய கார்களில் முன் பம்பருக்குள் ரேடாரும் இருந்தது. அதனால் அங்கேயும் இந்த வேலை இன்னும் நுட்பமானது.

கரண்ட் ஏற்றும் வாய்க்குப் பின்னால் தோடம்பழ நிறத்தில் தடித்த வயர்கள் போவதைக் காண்பீர்கள். அந்த நிறம் அழகுக்காக வைத்ததல்ல. ‘தொடாதே’ என்று அர்த்தம். லீஃபின் பெரிய பெட்டரியில் 350 வோல்ட்டுக்கும் கூடுதலான மின்சாரம் இருக்கிறது. வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்தான் என்பதை நினைவில் வையுங்கள். முறைப்படி செய்பவர் சாதாரண 12 வோல்ட் பெட்டரியின் வயரைக் கழற்றுவார். காரின் தரையில் விரிப்புக்குக் கீழே இருக்கும் துண்டிப்பு பிளக்கை உருவி எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதன்பிறகும் குறைந்தது பத்து நிமிடம் காத்திருப்பார், உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். உங்கள் கராஜ்காரர் அந்தப் பத்து நிமிடத்தைக் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். காத்திருக்காதவரிடம் காரைக் கொடுக்காதீர்கள், அவருடைய உயிருக்காகவும்தான் சொல்கிறேன்.

மூக்கிலுள்ள மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2012 கடைசியில் வந்த திருத்திய லீஃபில் அந்த வாய்க்கு ஒரு சிறு விளக்கும், வயரை யாரும் உருவ முடியாதபடி பூட்டும் சேர்க்கப்பட்டன. முந்திய காரில் கரண்ட் மாற்றும் சார்ஜர் பெட்டி பின்சீட்டுக்குப் பின்னால் இருந்தது. திருத்திய காரில் அது பொனட்டுக்குக் கீழே வந்துவிட்டது. ஆகவே 2011ஆம் ஆண்டுக் காருக்கு 2014இன் பம்பரைப் போட்டால், முகம் ஒன்றுபோல் தோன்றினாலும் உள்ளே வயர் போகும் வழியே வேறு. இரண்டாம் தலைமுறை முகத்தை முதல் தலைமுறைக்குப் போட வேண்டுமென்றால் பம்பரோடு முடியாது. பொனட், இரண்டு மட்கார்ட், விளக்குகள் எல்லாமே மாற வேண்டும். வாயின் வடிவமும் வேறு. பஞ்சிகாவத்தையில் ‘நோஸ் கட்’ என்று முழு மூக்கையும் வெட்டி விற்பார்கள்தான். அதை வாங்கிவந்து ஒட்டுவதற்குள் மூடி சரியாகப் படியாமல் ஒரு விரல் இடைவெளி வந்துவிட்டால்? நம்முடையது உப்புக் காற்று வீசும் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, இடையே உப்பளம். அந்த இடைவெளியால் புகும் உப்பும் மணலும் செப்பு முனைகளைத் தின்னத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏறும்போது முனை சூடாகும். கண்டியில் இருப்பவர் இதில் கொஞ்சம் அலட்சியமாக இருக்கலாம், கற்பிட்டியில் இருப்பவருக்கு முடியாது.

இதே உப்புக் காற்றினால் ஒரு நன்மையும் சொல்லலாம். பம்பரைக் கழற்றினால்தான் உள்ளே துரு பிடித்த இடங்கள் தெரியவரும். கழற்றியது கழற்றியதாக இருக்க, துருவைச் சுரண்டி மருந்தடித்துவிட்டுப் பூட்டச் சொல்லுங்கள். புது முகத்தைவிட அந்த அரை மணித்தியால வேலைதான் காருக்கு ஆயுளைத் தரும்.

இன்னொன்றும் உண்டு. லீஃபின் முன்பக்கத்தில் ஒரு சிறிய ஒலிபெருக்கி இருக்கிறது. மணித்தியாலத்துக்கு முப்பது கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில், நடப்பவர்களை எச்சரிக்க அது மெல்லிய ஓசை எழுப்பும். முகம் மாற்றும்போது அதைப் பூட்ட மறந்துவிடுகிறார்கள். அல்லது “இந்த ஙொய்ங்குற சத்தம் எதுக்கு?” என்று வேண்டுமென்றே வயரை வெட்டிவிடுகிறார்கள். கழுதைகள் எப்படியோ தப்பிக்கொள்ளும். மதரஸா விட்டு வரும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பார்வை குறைந்த முதியவர்கள் என்ன செய்வார்கள்?

இதுவரை சொன்னது வேலையைப் பற்றி. இனிச் சொல்லப்போவது விற்பனையைப் பற்றி.

மின் காரின் வயது அதன் முகத்தில் இல்லை. அது பெட்டரியில் இருக்கிறது. லீஃபின் பெட்டரிக்குத் தண்ணீரால் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது. வெப்பம் கூடிய நாடுகளில் அது விரைவாகத் தேய்கிறது என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. புத்தளத்து வெயிலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் லீஃபின் பெட்டரி 24 கிலோவாட் மணித்தியாலக் கொள்ளளவு உடையது. ஜப்பானியப் பட்டியல் அது ஒரு சார்ஜில் 200 கிலோமீற்றர் ஓடும் என்றது. அமெரிக்க அரசின் சோதனையிலோ, புத்தம்புதுக் காருக்கே 117 கிலோமீற்றர்தான் கிடைத்தது. எதை நம்புவது? நமது அனுபவத்துக்கு நெருங்கியது பின்னையதே.

ஓட்டுநருக்கு முன்னாலுள்ள திரையின் ஓரத்தில் 12 சிறு கட்டங்கள் உண்டு. பெட்டரி எவ்வளவு தேய்ந்தது என்பதை அவை காட்டும். ஏறக்குறைய 15 வீதம் தேய்ந்ததும் முதல் கட்டம் மறையும். அதன்பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு ஆறு வீதத்துக்கும் ஒன்று மறையும். எட்டுக் கட்டம் மிஞ்சியுள்ள கார் என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 117 கிலோமீற்றரில் மிச்சம் 78. ஏ.சி. போட்டால் இன்னும் குறையும். புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையே சுமார் 45 கிலோமீற்றர், போய்வர 90. அதாவது அந்தக் காரில் கற்பிட்டியிலிருந்து புத்தளம் தள ஆஸ்பத்திரிக்கு உம்மாவைக் கூட்டிவந்தால், வழியில் எங்காவது சார்ஜ் ஏற்றாமல் அதே நாளில் வீடு திரும்ப முடியாது! பிரசவ வலியோடு நள்ளிரவில் புறப்பட நேர்ந்தால் என்ன நிலை? கொழும்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது 130 கிலோமீற்றர்.

இந்தக் கணக்கைப் புதிய பம்பர் மாற்றாது. ஒரு கிலோமீற்றர்கூடக் கூட்டாது. வாங்க வருபவரின் கண்ணை மட்டும் அது மாற்றும்.

பம்பரைவிடப் பெரிய மோசடியொன்றும் இருக்கிறது. கணினி கருவியொன்றைப் பொருத்தி அந்தக் கட்டங்களைப் பழையபடி பன்னிரண்டாகக் காட்டச் செய்யலாம். பெட்டரி தேய்ந்தது தேய்ந்ததுதான். காரின் மூளை மட்டும் அதை மறந்துவிடும். சில வாரங்களோ மாதங்களோ ஓடிய பிறகு மூளைக்கு உண்மை தெரியவரும், கட்டங்கள் ஒவ்வொன்றாக மறையும். அதற்குள் விற்றவர் பணத்தை எண்ணி முடித்திருப்பார். உலகின் பல நாடுகளிலும் லீஃப் வாங்கியவர்கள் இப்படி ஏமாந்திருக்கிறார்கள்.

இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு ஹதீஸ் கிரந்தங்களில் வியாபாரப் பாடத்தில் வரும் ஒரு விசயம்தான் நினைவுக்கு வந்தது. ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்பதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே பால் கறக்காமல் விட்டு, மடி பெருத்துத் தோன்றச் செய்து சந்தைக்குக் கொண்டுவருவார்கள். ‘தஸ்ரியா’ என்று அதற்குப் பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர் கறந்து பார்த்த பின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் மிருகத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று உரிமையும் வழங்கினார்கள். மூன்று நாள் தவணையும் அறிவிப்புகளில் வருகிறது. நிரம்பித் தெரிகிற மடியும் நிரம்பித் தெரிகிற கட்டங்களும் ஒன்றேயல்லவா?

அது பெட்டரிக் கட்டத்தின் சட்டம். முகத்தின் சட்டம் என்ன?

என்னிடம் சில வருடங்கள் ஓதிவிட்டு, பின்னர் தொழில் பழகிக் கராஜ் வைத்திருக்கும் ஒரு தம்பி இதைத்தான் கேட்டார். “ஹஸரத், நான் வேலை மட்டும்தான் செய்றன். விக்கிறது அவங்க. எனக்கு அதுல குத்தம் இருக்கா?” என்றார். நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல முடியாமல் கிதாபைத் திறந்தேன்.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676இல் வபாத்தானவர்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமது நாட்டின் அரபுக் கல்லூரிகளில் அவர்களுடைய ‘மின்ஹாஜ்’ நன்கு அறியப்பட்ட கிதாபு. தஸ்ரியாவைச் சொல்லிவிட்டு, அதேபோன்ற சில ஏமாற்றுகளையும் அவர்கள் அங்கே வரிசைப்படுத்துகிறார்கள். தண்ணீரால் சுழலும் மாவாலையை விற்கும்போது, நீரை முன்கூட்டியே தேக்கி வைத்து, வாங்குபவர் வந்ததும் திறந்துவிட்டு வேகமாகச் சுழலச் செய்வது. அக்காலச் சந்தையில் விற்கப்பட்ட அடிமையின் நரைத்த தலைமுடிக்குக் கறுப்புப் பூசுவது. இவற்றிலும் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஆனால் அடிமையின் உடையில் மையைத் தெளித்து, ‘இவன் எழுதத் தெரிந்தவன்’ என்று எண்ண வைத்தால்? மிகச் சரியான கருத்தின்படி அந்த உரிமை இல்லை. ஒரு மைக்கறையைப் பார்த்து இவன் எழுத்தாளன் என்று எப்படி முடிவு கட்டலாம்? ஒரு வரி எழுதிக் காட்டச் சொல்லியிருக்கலாமே! விசாரிக்காதது வாங்கியவரின் கவனக்குறைவு.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய சந்தையும் இன்றைய கார்ச் சந்தையும் எவ்வளவு நெருங்கிவிட்டன பாருங்கள்! பம்பரை மட்டும் மாற்றிய கார் அந்த மைக்கறை போன்றது என்பது எனது அபிப்பிராயம். நம்பர் பிளேட்டில் வயது தெரிகிறது. பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது. பார்க்காமல் வாங்கியவர் பிறகு வந்து அழுவதில் பயனில்லை. கட்டங்களைப் பன்னிரண்டாக்கிக் காட்டிய கார் அப்படியல்ல. அது பால் தேக்கிய மடி. அங்கே திருப்பிக் கொடுக்க வழியுண்டு. இரண்டுக்கும் இடைப்பட்டவையும் இருக்கின்றன. புது முகத்தைக் காட்டி “இது பதினாறாம் ஆண்டு வண்டி” என்று வாயாலும் சொல்லிவிட்டால் அது மைக்கறை அல்ல, அப்பட்டமான பொய். இன்னொன்றையும் கவனியுங்கள். திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லை என்றால் ஏமாற்றியவருக்குப் பாவமில்லை என்று ஆகிவிடாது. ஏமாற்றும் எண்ணத்தோடு மை தெளித்தவன் அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவனே.

கராஜ்காரத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். “சொந்தக்காரர் தன் ஆசைக்கு முகம் மாத்திக் கேட்டா தாராளமாச் செய்ங்க, கூலியும் ஹலால். நாளைக்கு விக்கத்தான் மாத்துறார்னு தெரிஞ்சாலும், செஞ்ச வேலையை ஒன்று விடாமல் பில்லில் எழுதிக் குடுங்க. என்ன ஆண்டு வண்டி, எந்த ஆண்டு பம்பர், சட்டம் வெட்டினதா இல்லையா, எல்லாம். கட்டத்தை மாத்தித் தரச் சொன்னா மட்டும் முடியாதுன்னு சொல்லிடுங்க.” அவர் சிரித்தார். “அப்படி எழுதினா பாதிப் பேர் என்கிட்ட வரமாட்டாங்க ஹஸரத்” என்றார். அதுவும் உண்மைதான். ஆனாலும் இப்போது எழுதிக் கொடுக்கிறார். வாங்க வருபவர்களில் சிலர் அந்தப் பில்லைக் கேட்டே அவருடைய கராஜுக்கு வருகிறார்கள் என்று பிறகொரு நாள் சொன்னார்.

இடையில் ஒரு வார்த்தை. லீஃபின் உடம்பில் ‘சீரோ எமிஷன்’ என்று எழுதியிருக்கும், புகையே இல்லை என்று பொருள். காரிலிருந்து புகை வராது என்பது சரி. ஆனால் அதற்கு ஏறும் கரண்டில் ஒரு பெரும் பங்கு நமது நுரைச்சோலையில் நிலக்கரி எரித்துத்தான் வருகிறது. 2011இல் முதலாவது இயந்திரம் ஓடத் தொடங்கி, 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட் ஆனது. பக்கத்திலேயே மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகளும் சுழல்கின்றன. கொழும்பில் ஓடும் மின் காரின் புகைக்குழாய் நம் ஊரில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்தச் சாம்பலும் தூசும் படியும் வீடுகளில் இருப்பவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்காது.

சரி, நீங்கள் ஒரு பழைய லீஃப் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மனைவியின் நகை பாதி, லீசிங் பாதி என்று பணம் சேர்த்திருக்கிறீர்கள். முகத்தைப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பொனட்டைத் திறந்து, விளக்கைத் தாங்கும் இரும்பில் ஒட்டு வேலை இருக்கிறதா என்று பாருங்கள். பம்பரின் கீழால் கையை விட்டுச் சட்டம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூக்கின் மூடியைத் திறந்து முனைகள் கறுத்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். காருக்கு நிறம் மாற்றியிருந்தால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகியிருக்கிறதா என்று புத்தகத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் அந்தத் தலையிடி உங்களோடு வரும்.

பெட்டரிக்குக் கட்டங்களை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள பிளக்கில் சிறு கருவியொன்றைச் சொருகி, ‘லீஃப் ஸ்பை’ என்ற செயலியைக் கைத்தொலைபேசியில் போட்டால் பெட்டரியின் ஆரோக்கியத்தை வீதக் கணக்கில் காட்டும். உங்கள் பிள்ளைகளுக்கே இது தெரிந்திருக்கும். அதுவும் காரின் மூளையிலிருந்துதான் வாசிக்கிறது என்பதால், மூளையையே ஏமாற்றிய காரில் அதையும் முழுக்க நம்ப முடியாது. ஆகவே கடைசியாகக் கழுத்துப் பட்டியைக் கட்டி ஓட்டித்தான் பார்க்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைக்கும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறுநாள் காலையில் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யைப் போட்டு, மீற்றரில் கணக்கு வைத்து நாற்பது கிலோமீற்றர் ஓடுங்கள். திரும்பி வந்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் போயிருந்தால், அந்தக் காரில் கற்பிட்டிக்குப் போனால் திரும்பி வர முடியாது. அந்த ஓட்டத்துக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் விலை பேசத் தேவையில்லை, ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சம்மதித்தால், விற்பனைக் கடிதத்தில் உற்பத்தி ஆண்டையும், மாற்றிய பாகங்களையும், பெட்டரியின் வீதத்தையும் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். மூன்று நாள் தவணையும் கேட்டுப் பாருங்கள்.